வீட்டில் மாதிரி ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயிலும் பொம்மை ரயிலும் ஒன்றுதானே?

தொடக்கத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், துண்டுத் தண்டவாளங்களை வாங்கி வாங்கிச் சேர்த்துப் பாதையை நீட்டிக்கொண்டே போகக்கூடிய ரயில் பொம்மையை, நிர்ணயித்த அகலங்களில் செய்து காட்டியது. பின்னர் பிரிந்த வழி இரண்டு விதிகளால் ஆனது. மாதிரியில் எஞ்சின், பெட்டி, நடைமேடை, மின்கம்பம் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டமும் ஓர் உண்மையான ரயில்வேயின் நடைமுறையைப் பின்பற்ற வேண்டும். இரண்டாவது விதியை மறந்தவர்கள் விலையுயர்ந்த பொம்மையை வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து, கோபித்துக்கொள்பவர்கள் உண்டு.

எந்த அளவில் தொடங்குவது?

உலகெங்கும் அதிகம் புழங்குவது எச்ஓ. அதன் விகிதம் 1:87. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பழைய ஓ அளவில் பாதி, அதாவது ‘ஹாஃப் ஓ’ என்பதால் அந்தப் பெயர் வந்தது. அடுத்தது ‘என்’ (N), அதன் விகிதம் 1:160, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இவற்றைத் தவிர, பிரிட்டனில் மட்டும் வழங்கும் ஓஓ என்ற அளவு இருக்கிறது. அந்நாட்டு எஞ்சின்கள் உருவில் சிறியவை. அவற்றை 1:87-இல் செய்தபோது அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 1:76 ஆகப் பெரிதாக்கிவிட்டு, அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே நிறுத்தினார்கள். அந்தச் சமரசம் இன்றுவரை தொடர்கிறது.

விகிதத்தை எண்ணாக அல்லாமல் மேசை மேல் எடுக்கும் நீளமாகப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டியின் உடல் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். அது எச்ஓ-வில் 24.5 சென்டிமீட்டராகவும், ‘என்’ அளவில் 13.3 சென்டிமீட்டராகவும் குறுகும். பெட்டிகளுக்கு இடையிலான பஃபர்களையும் சேர்த்தால், 24 பெட்டி விரைவு ரயில் எச்ஓ-வில் எஞ்சின் இல்லாமலேயே ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். நம் வீட்டுக் கூடத்தில் அதற்கு ஒரு நடைமேடை கட்டுவது நடக்காத காரியம்.

கையால் செய்வதில் விருப்பமுள்ளவர்களுக்கு எச்ஓ-வையும், நீண்ட ரயில் ஓடுவதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு ‘என்’ அளவையும் நான் சொல்வேன். கண்ணாடி போடும் வயதினர் எச்ஓ-விலேயே நிற்பது நல்லது.

நம்மூர் ரயில்களை அப்படியே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எந்தச் சமரசத்துடன் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் அகலத்தை 87-ஆல் வகுத்துக் கிடைத்தது. இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் எஞ்சினை நிறுத்தினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறுகலான பாதையில் நிற்கும். நேர் எதிரே குனிந்து பார்த்தால், அகன்ற உடலுக்குக் கீழே கால்களை ஒடுக்கி நிற்பதுபோலத் தெரியும்; பக்கவாட்டில் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

மீட்டர் கேஜ் பிரியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, எச்ஓ-எம் என்ற பெயரில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு மிக நெருக்கமானது. எழும்பூரிலிருந்து தெற்கே நீண்ட பழைய மீட்டர் கேஜ் பாதைகளின் சிறு நிலையங்கள் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்டவைபோலத் தோன்றுகின்றன: இரண்டு லைன், ஒரு கூட்ஸ் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம்.

நீலகிரி மலை ரயிலைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அதுவும் மீட்டர் கேஜ்தான். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.5-க்கு 1 என்ற ஏற்றத்தை அது பல்சக்கரத்தின் உதவியால் ஏறுகிறது. மாதிரியிலும் சாதாரண எஞ்சின் அந்த ஏற்றத்தில் வழுக்கி நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளுக்காக ஜெர்மனியின் பெமோ செய்யும் பல்தண்டவாளத்தை வாங்கி, அதற்கேற்ற எஞ்சினின் மேல் நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகுப்பு எஞ்சினின் உடலைச் செய்து பொருத்துவது ஒரு வழி. முதல் அமைப்பாக இதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்திய எஞ்சின்களும் பெட்டிகளும் தயார்நிலையில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. ஆகவே வெளிநாட்டு எஞ்சினின் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, உடலை முப்பரிமாண அச்சிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ செய்துகொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. பெரம்பூர் ஐசிஎஃப்-ஐ ஒட்டிய சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளை நான்கு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால், வீட்டுக்கு வந்தபின் கணக்கிட வசதியாக இருக்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

இடத்தைத் தின்பது நேர்ப்பாதை அல்ல, வளைவுதான். எச்ஓ-வில் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச ஆரம் 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். ஒரு வட்டம் சுற்றிவர ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம் வேண்டும் என்று இதற்குப் பொருள். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை இந்தப் பொழுதுபோக்கில் இத்தனை பிரபலமானதற்குக் காரணமும் அதுதான். ஆனால் 24.5 சென்டிமீட்டர் நீளப் பெட்டிகள் அந்த ஆரத்தில் திரும்பும்போது மூலைகள் பாதையை விட்டு வெளியே நீண்டு நிற்கும், பார்க்கச் சகிக்காது. அவற்றுக்கு 24 அங்குலமாவது கொடுங்கள்.

சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் இடப்பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். சுவரோரமாக ஒரு புத்தக அலமாரித் தட்டின் அகலத்தில் முனைய நிலையம் ஒன்றை அமைக்கலாம். எப்படி அமைத்தாலும் ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்காதீர்கள். முக்கால் மீட்டருக்கு அப்பால் ஒரு வேகன் கவிழ்ந்தால், அதை எடுக்கப் போகும் முழங்கை நான்கு மரங்களைச் சாய்க்கும்.

ஒரு பாதையை மற்றொன்றின் மேல் பாலத்தில் கொண்டுபோகலாமா?

கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். எச்ஓ-வில் கீழே ஓடும் ரயிலுக்கு இடம்விட்டுப் பாலம் கட்ட மேல்பாதை ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் உயர வேண்டும். 40-க்கு 1 என்ற நியாயமான ஏற்றத்தில் அதற்கு 3.2 மீட்டர் ஓட்டம் தேவை. இறங்க இன்னொரு 3.2 மீட்டர். எட்டடிப் பலகையில் இது அடங்காது.

முதல் அமைப்பாக எதைச் செய்யலாம்?

பிரிட்டனின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் என்னும் ஷண்டிங் அமைப்பை, அதாவது வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசை மாற்றும் அமைப்பை, தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் பக்கப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன்களும், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கலாம். எஞ்சின் முன்னும் பின்னும் நகரும் தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன்கள். எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுத்து, அந்த வரிசையிலேயே ஐந்து வேகன்களைக் கோத்து நிறுத்த வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் வரக்கூடிய வரிசைகள் 6,720. எழுதிவைத்து விடை கண்டுபிடிக்க முடியாது. நாலுசக்கரக் குட்டை வேகன்களைக் கொண்டு செய்தால் எச்ஓ-வில் முழு அமைப்பும் ஒன்றரை மீட்டருக்குள் முடியும். மேசை மேல் வைத்து ஓட்டிவிட்டு, முடிந்ததும் பரண் மேல் ஏற்றிவிடலாம்.

நான் இதற்கு நேர்மாறாகத் தொடங்கினேன். கூடம் முழுக்க நிறையும் திட்டம், இரட்டைப் பாதை, மலை, அருவி எல்லாம் தாளில் இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து என்னிடம் இருந்தது வளைந்த பலகையும் ஓடாத ஒரு பாதையும்தான். பிறகு ஒன்றரை மீட்டர் பலகையில் ஒரு கூட்ஸ் யார்டு செய்தேன். இரண்டு மாதத்தில் ஓடியது. இன்றும் ஓடுகிறது.

அடிப்பலகை எப்படி இருக்க வேண்டும்?

மேலே 9 அல்லது 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், கீழே ரீப்பர் சட்டம், சட்டத்தில் ஓரடிக்கு ஒரு குறுக்குக்கட்டை இருந்தால் போதும். நான் மேலே சொன்ன வளைந்த பலகை 6 மில்லிமீட்டர் மலிவு ப்ளைவுட்; ஓர் ஐப்பசி மழையில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. வாங்கும்போது நீர் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். அறுத்ததும் விளிம்பு, அடிப்பக்கம் உட்பட ஆறு பக்கமும் ப்ரைமர் அடித்துவிடுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்த பலகை அடிப்பக்கத்தின் வழியாக ஈரத்தை உறிஞ்சி, வில்போல வளையும். கரையான் உள்ள வீடானால் கால்கள் இரும்பாக இருக்கட்டும்.

தண்டவாளம் பதிப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மாதிரி ரயிலில் நேரும் கவிழ்தல், திக்குதல், நின்றுபோதல் ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு எஞ்சின் காரணமல்ல, தண்டவாளமே காரணம். எஞ்சினுக்குச் செலவழிக்கும் ஆர்வத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள்.

முதலில் பலகையின் மேல் பாதையின் நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, அதன்மேல் 3 மில்லிமீட்டர் கார்க் தகட்டையோ, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டையோ ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பலகை மேளம்போல அதிரும். பிறகு வளையும் தண்டவாளத்தை வைத்து, ஆணியை முழுதும் இறக்காமல் தற்காலிகமாகப் பிடிக்கவிடுங்கள். இனித்தான் உண்மையான வேலை. பலகையின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் வழியே பாருங்கள். மேலிருந்து நேராகத் தெரிந்த பாதை அங்கிருந்து பாம்பாக நெளியும். அதைத் திருத்தியதும், ஒவ்வொரு இணைப்பின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கே தடுக்குகிறதோ அங்கே சக்கரமும் தடுக்கும். மேல்விளிம்பையும் உள்விளிம்பையும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

வளைவில் இணைப்பு வந்தால், தண்டவாளத்தை வளைப்பதற்கு முன்பே, நேராக இருக்கும் நிலையில் இரு துண்டுகளையும் சால்டர் செய்து, அதாவது ஈயப்பற்று வைத்து ஒட்டிவிட்டு, பிறகு வளைத்துப் பதியுங்கள். வளைத்தபின் இணைத்தால் அந்த இடத்தில் ஒரு முழங்கால் மடிப்பு விழும்; பெட்டிகள் அங்கேதான் தடம்புரளும். அதே சமயம் நேர்ப்பாதையின் எல்லா இணைப்புகளையும் சால்டர் செய்துவிடாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டர் நீளத்தில், 20 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். மார்கழியில் நெருக்கமாகப் பதித்த பாதை சித்திரை மதியத்தில் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். சில இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

மின் இணைப்பு கடினமா? டிசி நல்லதா, டிசிசி நல்லதா?

சாதாரண நேர்மின்சார முறையான டிசியில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து 12 வோல்ட் வரை கூட்டிக் குறைத்து எஞ்சினின் வேகத்தை மாற்றுகிறோம். இரு தண்டவாளங்களின் துருவத்தை மாற்றினால் திசை மாறும். ஒரே பாதையில் நிற்கும் இரண்டு எஞ்சின்களும் ஒன்றாகவே ஓடும் என்பதுதான் இதன் குறை. டிஜிட்டல் கட்டளை முறையான டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதனோடு கட்டளைகளும் சேர்ந்து போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் தனக்குரிய முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். புதிய டிகோடரின் முகவரி வழக்கமாக 3 என்றிருக்கும். அதை எஞ்சின் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸின் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைத் தரப்படுத்தியது. ஆகவே ஒரு நிறுவனத்தின் டிகோடர் இன்னொன்றின் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கீழ்ப்படியும்.

ஒரே எஞ்சின் ஓடும் ஷண்டிங் யார்டுக்கு டிசி தாராளமாகப் போதும். இரண்டுக்கு மேல் போகும் எண்ணமிருந்தால் டிசிசிக்குப் போங்கள். மின்னணுவியல் தெரிந்தவர்கள் ஆர்டுயினோ பலகையில் இயங்கும் டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டு மலிவாகவே கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்துகொள்ளலாம்.

எதுவானாலும் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை அனுப்பாதீர்கள். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங் செய்யும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு இழைகளை ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து மெல்லிய கம்பியால் இணைப்புக் கொடுங்கள். டிசிசி அமைப்பானால், முடித்தபின் பாதையின் பல இடங்களில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்காக வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் கருவி உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காத இடத்தில் கம்பி போதவில்லை. அங்கே ஒரு நாள் எஞ்சினின் சக்கரம் உருகும்.

நேற்று ஓடிய எஞ்சின் இன்று திக்கித் திக்கிப் போகிறதே?

நூற்றுக்குத் தொண்ணூறு அழுக்குதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தின் மேல்விளிம்பைத் துடையுங்கள். எஞ்சினின் சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாளைப் பயன்படுத்த வேண்டாம். அதன் கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் படியும். துடைத்தும் ஒரே பாயிண்டின் மேல் மட்டும் நின்றால், தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங் பகுதி பிளாஸ்டிக்கால் ஆனதா என்று பாருங்கள். குட்டை எஞ்சின்கள் அந்த மின்சாரமில்லாத துண்டில் மாட்டிக்கொள்ளும். உலோகக் கிராசிங் உள்ள பாயிண்டை வாங்கி, அதற்குத் துருவம் மாற்றும் சுவிட்ச் வைப்பதே தீர்வு.

ஜல்லி, மண், மரம் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்திய ரயில்வேயின் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 87-ஆல் வகுத்தால் கால் முதல் முக்கால் மில்லிமீட்டர். எம்-சாண்டை ரவைச் சல்லடையில் ஒருமுறையும் மாவுச் சல்லடையில் ஒருமுறையும் சலித்து, நடுவில் நிற்பதை எடுத்தால் அந்த அளவும் நிறமும் கிடைத்துவிடும். ஆனால் கழுவிக் காயவைத்தபின், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதற்குள் நன்றாகத் துழாவி எடுங்கள். மணலில் இரும்புத் துகள் இருந்தால் அது நேரே மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம்.

ஜல்லியைப் பரப்பித் தூரிகையால் ஒழுங்குபடுத்தியபின், சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, சிரிஞ்சால் துளித்துளியாக விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டையாக மேலேயே நிற்கும். பாயிண்டின் அசையும் நாக்குத் தண்டவாளத்துக்கு அருகில் மட்டும் பசையே வேண்டாம்.

செம்மண்ணைச் சலித்து அப்படியே பயன்படுத்தலாம். காய்ந்த தேயிலைச் சக்கை உதிர்ந்த இலைகளாகும். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதை வாணலியில் வறட்டி எடுங்கள். வேப்பங்கொத்தின் காய்ந்த காம்புகள் மரத்துக்கு ஏற்ற கிளைகளைத் தருகின்றன. பனைமரம்தான் கடினம். தண்டை ஈர்க்குச்சி கட்டிலிருந்து எடுத்துவிடலாம். உச்சியின் விசிறி ஓலைகளைக் காகிதத்தில் ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். எங்கள் யார்டில் ஐந்து பனைகள் நிற்கின்றன. அதற்கு மேல் பொறுமையில்லை.

கட்டி முடித்தபின் என்ன செய்வது? ஓட்டிக்கொண்டே இருந்தால் சலிக்காதா?

வேகமாக ஓட்டினால் சலிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது எச்ஓ-வில் நொடிக்கு 32 சென்டிமீட்டர். ஷண்டிங் வேகமான 15 கிலோமீட்டரில் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. பெரும்பாலோர் இதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். மெதுவாக ஓட்டினாலே பாதை நீண்டுவிடும்.

அடுத்தது நடைமுறை. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்கள் இருந்தால், நம் மீட்டர் கேஜ் பாதைகளில் இருந்த ‘பால்’ (பந்து) டோக்கன் முறையைக் கொண்டுவாருங்கள். நிலையங்களுக்கு இடையே ஒரே ஒரு கோலிக்குண்டு. அது கையில் இல்லாத ஓட்டுநர் சிக்னலைத் தாண்டக் கூடாது. எதிர்நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் மணியடித்துச் சம்மதம் தந்தபின்தான் குண்டு கைமாறும். கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஒரு மாலைக்குள் ஒரு நாள் கால அட்டவணையை முடிக்கலாம். பாசஞ்சர் லூப் லைனில் ஒதுங்கி எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் யாரும் பேசுவதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

எஞ்சினும் கட்டுப்பாட்டுக் கருவியும் இறக்குமதி என்பதால் சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்துகொள்ளும். அவற்றைத் தவிர்க்க முடியாது. மற்றவற்றில் கையுழைப்பால் குறைக்கலாம். பழைய எஞ்சினை வாங்குவதாக இருந்தால், ஓடும் காணொளியைக் கேட்டு வாங்கிப் பார்த்தபின் பணம் அனுப்புங்கள். எனக்கு வந்த ஒன்றில் மோட்டாரே இல்லை.

நல்ல அமைப்புகளை எங்கே பார்க்கலாம்?

புனேயின் கோத்ரூட் பகுதியில் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய அமைப்புகளில் முதலில் அதைச் சொல்வேன். வெளிநாடு போகிறவர்கள் ஹாம்பர்க் நகரின் மினியட்டூர் வுண்டர்லாண்டைத் தவறவிடக் கூடாது. இரட்டையரான ஃபிரெடெரிக், கெரிட் ப்ரௌன் 2001-இல் திறந்த அந்த எச்ஓ அமைப்பின் தண்டவாளம் 16 கிலோமீட்டர்வரை நீள்கிறது. பார்த்துவிட்டு வந்ததும் உங்கள் ஒன்றரை மீட்டர் பலகை சில நாள் அற்பமாகத் தோன்றும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு மாறும்போது என்ன செய்வது?

தொடங்கும்போதே ஒவ்வொரு பலகையும் 120 சென்டிமீட்டருக்குமேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் தூக்கித் திருப்பக்கூடிய அளவு அது. பலகைகள் சேருமிடத்தில் பித்தளை ஊசி பொருத்திய துளைகளையும் போல்ட்டுகளையும் வையுங்கள். அங்கே தண்டவாள முனைகளை, பலகையில் திருகிய பித்தளை ஸ்க்ரூவின் தலையோடு சால்டர் செய்தால் அவை அசையாது. கம்பிகளை அந்த எல்லையில் பிளக் வைத்துப் பிரிக்கும்படி விடுங்கள். எடுத்துச்செல்லும்போது இரண்டு பலகைகளையும் முகத்தோடு முகம் பார்க்க, இடையில் 25 சென்டிமீட்டர் உயர மரப்பலகையைக் கொடுத்துத் திருகிவிட்டால், பனைமரம்கூட ஒடியாமல் வந்து சேரும். வேகன்களைப் பலகையிலேயே விட்டுவிடாமல் தனியே பெட்டியில் எடுத்துச்செல்லுங்கள். அந்தப் பெட்டியைச் சாமான் வண்டிக்காரரிடம் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.